மேற்படி செடி

லிஃப்ட் மெக்கானிக் வீட்டை விட்டுக் கிளம்பும்போது, பன்னிரண்டு மணிக்குள் திரும்பிவிடுவதாகத்தான் மனைவியிடம் சொன்னார். ஒரு முத்திரை வாங்குகிற வேலை. முத்திரையை மையில் ஒற்றிக் காகிதத்தில் அழுத்த எவ்வளவு நேரம் ஆகிவிடப்போகிறது என்று அவர் நினைத்தார். அதற்கு முன் அவருக்கு ஆணையங்களோடு பழக்கம் இருந்ததில்லை.

அவருடைய மனைவி வீட்டிலிருந்தபடியே அச்சகங்களுக்குப் பிழை திருத்துபவள். யார் எவ்வளவு நீளமாகப் பேசினாலும் நடுவில் நிறுத்தி ஒரு கேள்வி கேட்டுவிடுவாள் என்பதால் தெரிந்தவர்கள் எல்லாம் அவளை 'கமா' என்றுதான் கூப்பிட்டார்கள், கணவர் உட்பட. நாலு வருடமாக அவளுக்கு நரம்பு நோய். கால் தசைகள் சொல்லாமல் கொள்ளாமல் முறுக்கிக்கொண்டு இழுக்கும். இழுக்கும்போது வலிக்கும். வலித்தால் தூக்கம் போகும். தூங்காவிட்டால் மறுநாள் இன்னும் இழுக்கும்.

மருத்துவர் முதலில் ஒரு மாத்திரை கொடுத்தார். கஞ்சாச் செடியிலிருந்து ஒரே ஒரு வேதிப்பொருளை மட்டும் தனியாகப் பிரித்துச் செய்தது. அதே மருத்துவரிடம் வந்துகொண்டிருந்த ஒரு தபால்காரருக்கு அது அருமையாக ஒத்துப்போனது. கமாவுக்கு நாள் முழுக்க வயிற்றைப் புரட்டியதுதான் மிச்சம். ஆறு மாதம் பார்த்துவிட்டு, மருத்துவர் முழுச் செடியின் சாற்றிலிருந்து எடுத்த எண்ணெய்க்கு மாற்றினார். காலையும் மாலையும் நாக்குக்கு அடியில் சில சொட்டு. இழுப்பு பாதியானது. கமா தூங்கினாள்.

"எதனாலன்னு கேக்காதீங்க, எனக்குத் தெரியாது," என்றார் மருத்துவர். "அந்தச் செடியில நூத்துக்கு மேல சமாச்சாரம் இருக்கு. எல்லாம் சேர்ந்து வேலை செய்யுதா, இல்ல இந்த அளவு உங்களுக்கு சரியா அமைஞ்சுபோச்சா, ஒழுங்கா ஒப்பிட்டுப் பாத்தாத்தான் தெரியும். அதுக்குன்னே ஒரு ஆணையம் வச்சிருக்காங்க. எண்ணெய்க்கு அனுமதியும் அவங்கதான் புதுப்பிக்கணும். பாட்டிலோட வரச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்கு, போயிட்டு வந்துடுங்க."

அதன் பெயர் மேற்படி செடி ஒப்பீட்டு ஆணையம். 'கஞ்சா' என்று எழுதினால் அலுவலகத்தின் கௌரவம் போய்விடும் என்று கருதிய முதல் தலைவர், எல்லாக் கடிதங்களிலும் 'மேற்படி செடி' என்றே குறிப்பிட உத்தரவிட்டிருந்தார். மேற்படி என்றால் மேலே சொல்லப்பட்டது. மேலே எங்கேயும் அது சொல்லப்படவில்லை.

வாசலில் காவலாளி பையைத் திறக்கச் சொன்னார். பழுப்பு நிறத்தில் கட்டைவிரல் உயரப் பாட்டில். அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒரு தடித்த ரிஜிஸ்டரில் எழுதினார்: மாதிரி, ஒன்று. காப்பாளர், ஒருவர்.

"மாதிரியெல்லாம் இல்லைங்க. என் மனைவியோட மருந்து."

"வீட்டுல இருக்கற வரைக்கும் மருந்து சார். இந்தக் கோட்டைத் தாண்டினா மாதிரி." காவலாளி நல்ல மனிதர், பொறுமையாக விளக்கினார். "உள்ள போறதுக்கு எதுவும் வேணாம். வெளிய வர்றதுக்குத்தான் ஆணையத்தோட முடிவு வேணும். முடிவு இல்லாம மாதிரி வெளிய போகாது."

"நான் போகலாமா?"

"தாராளமா போகலாம். ஆனா காப்பாளர் போயிட்டா மாதிரி அநாதை ஆயிடும். அநாதை மாதிரிங்களை அஞ்சு மணிக்கு எரிச்சிடுவோம் சார். நானே தான் எரிப்பேன். மனசுக்கு கஷ்டமா இருக்கும்."

அதில் கமாவுக்கு ஒரு மாத மருந்து இருந்தது. புதிய பாட்டில் வேண்டுமானால் முத்திரை வேண்டும். மெக்கானிக் கோட்டைத் தாண்டி உள்ளே போனார்.

காத்திருப்பு அறையில் ஆறு பெஞ்சுகள். ஒவ்வொரு பெஞ்சிலும் மடியில் பாட்டிலோடு ஆட்கள். கவுன்ட்டரில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்த நடுவயதுப் பெண்மணியை எல்லோரும் 'டோக்கன் அக்கா' என்றார்கள்.

"எவ்வளவு நேரம் ஆகும்க்கா?"

"எனக்கு ஏழு மாசம் ஆச்சு," என்றார் டோக்கன் அக்கா.

"நீங்க இங்க வேலை பாக்கறவங்க இல்லையா?"

"நானும் மாதிரியோட வந்தவதான். அப்பாவுக்கு வாந்தி நிக்கற மருந்து. முதல்ல கடைசி பெஞ்சுல இருந்தேன். அப்புறம் முதல் பெஞ்சு. இப்ப கவுன்ட்டருக்குள்ள. முன்னேற்றம்தான்."

"அப்பா எப்படி இருக்காரு?"

"குணமாயிட்டாரு. போன மாசம் கல்யாணத்துக்கெல்லாம் போயிட்டு வந்தாரு."

"அப்ப நீங்க வீட்டுக்குப் போயிடலாமே?"

டோக்கன் அக்கா அவரைக் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "இப்ப எனக்கு இங்க சீனியாரிட்டி இருக்குல்ல?"

கட்டடத்தின் இடது பாதி முழுமைப் பிரிவு, வலது பாதி தனிக்கூறுப் பிரிவு. இரண்டுக்கும் நடுவே ஒரு லிஃப்ட். மெக்கானிக்கை முதலில் இடது பக்கம் அனுப்பினார்கள். முழுமைப் பிரிவு இயக்குநரின் அறையில் காலெடுத்து வைக்க இடமில்லாமல் தொட்டிச் செடிகள் இருந்தன. மேற்படி செடி மட்டும் இல்லை. இயக்குநர் கண்களை மூடிக்கொண்டு பேசுகிறவர்.

"செடிங்கறது கூட்டுக் குடும்பம் சார். அண்ணன் தம்பி, சித்தப்பா, ஓரகத்தி எல்லாம் சேர்ந்து இருந்தாத்தான் அது வீடு. ஒருத்தனை மட்டும் பிடிச்சு வெளிய இழுத்துட்டு வந்து, நீதான் மருந்துன்னு சொன்னா அவன் என்ன பண்ணுவான்? திருதிருன்னு முழிப்பான்."

மெக்கானிக்குக்கு இந்தப் பேச்சு பிடித்திருந்தது. "அதாங்க சார், என் மனைவிக்கும் இந்த எண்ணெய்தான் கேக்குது. நீங்க பரிசோதிச்சுப் பாத்து ஒரு முத்திரை..."

இயக்குநர் கண்ணைத் திறந்தார். "பரிசோதிக்கறதா? பரிசோதிக்கணும்னா பிரிக்கணும். பிரிச்சா முழுமை போயிடும். இந்தப் பிரிவுல பதினோரு வருஷத்துல ஒரு பரிசோதனை நடந்ததா யாரும் சொல்ல முடியாது. நாங்க மதிக்கறோம் சார், அவ்வளவுதான்."

"அப்ப என் பாட்டிலையும் மதிச்சு முத்திரை போட்டுடுங்களேன்."

இயக்குநர் பாட்டிலை வாங்கிப் பார்த்து முகம் சுளித்தார். "இதுல கால்வாசி குறையுதே?"

"குடிச்சது சார்."

"அப்ப இது முழுமை இல்ல. முக்கால். முக்கால் எல்லாம் வலது பக்கம்."

வலது பக்கத்தில் தனிக்கூறுப் பிரிவு இயக்குநரின் மேசைமேல் ஒரே ஒரு பேனா இருந்தது. சுவரில் எதுவும் இல்லை. உட்கார ஒரே நாற்காலி, அதில் அவர் இருந்தார்.

"உங்க மனைவிக்கு என்ன?"

"கால் இழுக்குது சார், அதனால வலி, அதனால தூக்கம்..."

"மூணு சொல்றீங்க. ஒண்ணு சொல்லுங்க."

"மூணும் ஒண்ணாத்தான் சார் வருது."

இயக்குநர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இதுதான் எங்க பிரச்சனையே. எங்ககிட்ட சுத்தமான மருந்து இருக்கு. ஒரே பொருள். இன்னிக்குக் குடுத்தாலும் அதே அளவு, அடுத்த வருஷம் குடுத்தாலும் அதே அளவு. அந்த எண்ணெய்ல இந்தப் பாட்டிலுக்கும் அடுத்த பாட்டிலுக்கும் என்ன வித்தியாசம்னு உங்களால சொல்ல முடியுமா?"

அந்தக் கேள்வி நியாயமானது என்று மெக்கானிக்குக்குத் தோன்றியது. "அதை நீங்க அளந்து பாத்துச் சொன்னா எங்களுக்கும் நல்லதுதானே சார்?"

"அளக்க முடியாது. கலப்பான நோயாளி வந்து கலப்பான மருந்தைக் கேட்டா நாங்க எதை அளக்கறது? எங்களுக்கு இழுப்பு மட்டும் உள்ள ஒரு நோயாளி வேணும். வலி இருக்கக் கூடாது, கவலை இருக்கக் கூடாது, முடிஞ்சா வயசும் இருக்கக் கூடாது. தனிக்கூறு மருந்து தயார். தனிக்கூறு நோயாளிதான் கிடைக்கல." பிறகு கொஞ்சம் யோசித்து, "அந்தக் காலை மட்டும் ஒரு வாரம் இங்க விட்டுட்டுப் போக முடியுமா?" என்றார். அவர் கேலி செய்யவில்லை.

கடைசியில், பாட்டிலைத் திறந்து அளக்க வேண்டுமானால் அது பிரிக்கத்தக்கது என்று முழுமைப் பிரிவு சான்று தர வேண்டும் என்றார். இடது பக்கம் போனால், பிரிக்கத்தக்கது எதுவும் தங்கள் பிரிவில் சேராது என்றார்கள். மெக்கானிக் நாலு தடவை நடந்தார். ஐந்து மணிக்கு ஆணையத்தைப் பூட்டினார்கள். காப்பாளர்களை உள்ளே வைத்துத்தான் பூட்டினார்கள்.

"எங்க இருக்கீங்க?" கமா போனில் கேட்டாள்.

"ஆபீஸ்லதான். நாளைக்கு முடிஞ்சிடும்."

"நாளைக்குன்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல."

"பாட்டில்?"

"மடியில வச்சிருக்கேன். சாயந்திரம் சொட்டு இல்லாம எப்படி இருக்கே?"

"ஆரம்பிச்சிடுச்சு," என்றாள். பின்னால் அவளுடைய தங்கை, "அக்கா, காலை நீட்டு, நீட்டு," என்று சொல்வது கேட்டது. மெக்கானிக்குக்கு அந்தப் பெஞ்சிலிருந்து எழுந்து எதையாவது உடைக்க வேண்டும்போல இருந்தது. அறையில் உடைக்கத்தக்கதாக அந்தப் பாட்டில் ஒன்றுதான் இருந்தது.

மறுநாள் பதினோரு மணிக்கு, ஆணையத்தின் தலைவர் முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவே லிஃப்டில் மாட்டிக்கொண்டார்.

"நான் தலைவர்!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. கதவை யாரோ குத்தினார்கள். "தலைவர் பேசறேன்!"

இரண்டு இயக்குநர்களும் ஓடி வந்தார்கள். முழுமை இயக்குநர், மொத்த லிஃப்டையும் மாற்ற வேண்டும் என்றார். தனிக்கூறு இயக்குநர், எந்தப் பாகம் என்று கண்டுபிடிக்கும்வரை தலைவர் அசையாமல் இருக்க வேண்டும் என்றார். டோக்கன் கொடுக்கும்போது அவருடைய தொழிலைக் கேட்டு எழுதியிருந்த டோக்கன் அக்கா, மெக்கானிக்கைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.

மெக்கானிக் கதவு இடுக்கில் வாயை வைத்துப் பேசினார். "சார், பயப்படாதீங்க. இது கீழ விழாது. கதவைத் தள்ளாதீங்க. காத்து வரும், நல்லா மூச்சு விடுங்க. நான் இங்கதான் இருக்கேன், போகமாட்டேன்." இருபத்திரண்டு வருடமாக மாட்டிக்கொண்டவர்களிடம் அவர் சொல்லிவரும் வார்த்தைகள் இவை. சொல்லும்போதுதான், நேற்றிலிருந்து தன்னிடம் யாரும் இப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது அவருக்கு உறைத்தது.

மேலே ஏறிப் பார்த்தார். கதவுப் பக்கத்தில், மின்சாரம் பாயத் தொட்டுக்கொள்கிற ஒரு சின்ன காண்டாக்ட் தேய்ந்துபோயிருந்தது. சுரண்டித் துடைத்துச் சரிசெய்ததும் லிஃப்ட் ஒரு முனகலோடு கீழே வந்தது.

"என்ன கோளாறு?" என்றார் தலைவர், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டே.

"ஒரே ஒரு காண்டாக்ட் சார்."

"பாத்தீங்களா! ஒரு கூறு!" என்றார் தனிக்கூறு இயக்குநர்.

"ஒரு கூறு போனதுக்கு மொத்த லிஃப்டும் நின்னுதே, அதைச் சொல்லுங்க!" என்றார் முழுமை இயக்குநர்.

"ரெண்டும் நடக்கும் சார்," என்றார் மெக்கானிக். "சில லிஃப்ட்ல ஒரு பாகம் மாத்தினா சரியாயிடும். சிலதுல எல்லாம் நல்லாத்தான் இருக்கும், சேர்ந்து ஓடாது. திறந்து பாத்தாத்தான் தெரியும்."

அந்தக் கட்டடத்தில் அப்படி ஒரு கருத்தை யாரும் அதுவரை கேட்டதில்லை. தலைவர் மட்டும் நன்றியோடு இருந்தார். நாளை பதினோரு மணிக்குச் சிறப்புக் கூட்டம் என்று அறிவித்தார். "உங்க மனைவியை நேர்ல வரச் சொல்லுங்க. இந்த ஆணையம் தொடங்கினதுலேர்ந்து ஒரு நோயாளி வரப்போறது இதுதான் முதல் தடவை. கோப்புல எப்படிப் பதியறதுன்னு இனிமேதான் யோசிக்கணும்."

மறுநாள் கமா சக்கர நாற்காலியில் வந்தாள். தங்கை தள்ளிக்கொண்டு வந்தாள். இரண்டு நாளில் கமாவின் முகம் சுண்டிப்போயிருந்தது. கணவரைப் பார்த்ததும், "ஷேவ் கூடப் பண்ணலையா?" என்றாள். அவரால் சிரிக்க முடியவில்லை.

கூட்ட அறையில் நீள மேசை. நடுவில் ஒரு கண்ணாடி மூடிக்குள் அந்தப் பாட்டில். பக்கத்தில் 'மாதிரியைத் தொடாதீர்' என்ற அட்டை. கூட்டத்தின் முதல் விவாதப் பொருள்: நடக்கவிருக்கும் ஒப்பீடு முழுமையைத் தனிக்கூறோடு ஒப்பிடுவதா, தனிக்கூறை முழுமையோடு ஒப்பிடுவதா? இது மூன்று வருடமாக நிலுவையில் இருந்தது. இருபது நிமிடம் பேசிவிட்டு மறுபடி நிலுவையில் வைத்தார்கள்.

"ஒண்ணு கேக்கலாமா?" என்றாள் கமா. "பதினோரு வருஷமா எதை எதோட ஒப்பிட்டீங்க?"

தலைவர் மகிழ்ச்சியோடு சொன்னார். "கோப்புங்களை ஒப்பிட்டாச்சும்மா. முழுமைப் பிரிவுக் கோப்பு நாலு கிலோ. தனிக்கூறுக் கோப்பு ரெண்டரை கிலோ. அந்த வகையில முழுமைக்கு ஆதாரம் கனமா இருக்கு."

"சார், அவங்க கோப்புல ஈரம் இருக்கு," என்றார் தனிக்கூறு இயக்குநர். "தொட்டிக்குப் பக்கத்துல வைக்கறாங்க."

"ஒரு நூறு பேரைக் கூப்பிட்டு," என்றாள் கமா, "பாதி பேருக்கு அந்த மாத்திரை, பாதி பேருக்கு இந்த எண்ணெய், யாருக்கு எதுன்னு யாருக்கும் சொல்லாம குடுத்து, ஒழுங்கா எழுதிப் பாத்திருந்தா இந்நேரம் தெரிஞ்சிருக்குமே? எண்ணெயே தோத்துப்போகட்டும். தெரிஞ்சாவது இருக்குமே?"

"தெரிஞ்சிருக்கும்மா," என்றார் தலைவர். "தெரிஞ்சுட்டா அப்புறம் ஆணையம் எதுக்கு? இங்க நூத்திப் பதினாலு பேரு வேலை பாக்கறோம். எல்லாருக்கும் குடும்பம் இருக்கு."

கமா பதில் சொல்ல வாய் திறந்தாள். அதற்குள் வலது கால் விறைத்து, முட்டி மேசையின் அடிப்பக்கத்தில் இடித்தது. பிறகு இடது கால். அவள் நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். தங்கை குனிந்து பாதத்தைப் பிடித்து வளைக்கப் பார்த்தாள்.

"இது இழுப்பா, வலியா?" என்று தனிக்கூறு இயக்குநர் பேனாவை எடுத்தார். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க."

முழுமை இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டார். தலைவர், இதையும் குறிப்பில் சேர்க்கச் சொன்னார்.

"ஏங்க," என்றாள் கமா. "அதை எடுங்க."

மெக்கானிக் அட்டையைப் பார்த்தார். தலைவரைப் பார்த்தார். கமாவின் நெற்றியில் முத்து முத்தாக வேர்த்திருந்தது. அவர் கண்ணாடி மூடியைத் தூக்கி, அட்டைமேலேயே கவிழ்த்து வைத்தார். பாட்டிலைத் திறந்து, மருத்துவர் எழுதிக்கொடுத்த அளவை, ஒரு சொட்டு கூடாமல் குறையாமல் எண்ணி, அவளுடைய நாக்குக்கு அடியில் விட்டார். மூன்று நாளில் கமாவுக்காக அவர் செய்த முதல் உருப்படியான காரியம் அதுதான்.

"மாதிரியைக் குடிச்சிட்டாங்க!" என்று தனிக்கூறு இயக்குநர் எழுந்து நின்றார்.

"வா கமா, போகலாம்," என்றார் மெக்கானிக். பாட்டிலை மேசையிலேயே விட்டுவிட்டு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வாசல்வரை போனார். எரித்தால் எரிக்கட்டும் என்ற முடிவுக்கு வந்திருந்தார்.

வாசலில் காவலாளி எழுந்து நின்றார். முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. ரிஜிஸ்டரின் முதல் பக்கத்து விதியை விரலால் காட்டினார். "மாதிரி எந்தப் பாத்திரத்துல இருந்தாலும், முடிவு வர்ற வரைக்கும் அந்தப் பாத்திரம் வெளிய போகக் கூடாதுன்னு போட்டிருக்கு சார். இப்ப மாதிரி அம்மாவுக்குள்ள இருக்கு." பிறகு மெதுவாக எழுதினார்: பாத்திரம், ஒருவர். "தங்கச்சி வேணா போகலாம்," என்றார்.

"நான் எங்க போறது?" என்றாள் தங்கை. டோக்கன் அக்கா அவளுக்கு ஒரு டோக்கன் கிழித்துக் கொடுத்தார்.

கமாவை மறுபடி கூட்ட அறைக்கே கொண்டுவந்தார்கள். குடித்ததைத் திரும்ப எடுக்க முடியுமா, முடிந்தால் அது முழுமையாக வருமா, கூறு கூறாக வருமா என்ற விவாதம் ஒன்றேகால் மணி நேரம் நடந்தது. முழுமைப் பிரிவு, பாட்டில் குறைந்துவிட்டதால் இனி அது முக்கால்கூட இல்லை என்று வாதிட்டது. தனிக்கூறுப் பிரிவு, அம்மையாரைத் தங்கள் பக்கம் ஒப்படைக்க வேண்டும் என்று கோரியது. யாரும் கமாவைப் பார்க்கவில்லை.

மெக்கானிக் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் கால் கட்டைவிரல் இளகியது. கொஞ்ச நேரம் கழித்து முட்டி இறங்கியது. நாற்காலியின் கைகளைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. தனிக்கூறு இயக்குநர் ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தபோது, அதை நிறுத்தி எதுவும் கேட்காமல், கமா தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள்.

பேச்சு ஓய்ந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தலைவர் மேசைமேல் குனிந்து, "இதுல எந்தக் கூறு இப்ப..." என்று ஆரம்பித்தார்.

"மெதுவா பேசுங்க சார்," என்றார் மெக்கானிக். "முழுசா தூங்கறா."

அதைக் குறிப்பில் எழுதிக்கொண்டார்கள். 'முழுசா' என்ற சொல் ஒரு பிரிவுக்குச் சாதகமானது, நீக்க வேண்டும் என்று தனிக்கூறு இயக்குநர் எழுந்தார். நீக்கினால் வெளிநடப்பு என்று முழுமை இயக்குநரும் எழுந்தார். தலைவர் அந்தச் சொல்லைப் பற்றிய வாக்கெடுப்பை மறுநாளுக்குத் தள்ளிவைத்தார். எல்லோரும் நாற்காலிகளை இழுத்துக்கொண்டு வெளியே போனார்கள். மெக்கானிக் ஒரு நாற்காலியை அருகில் போட்டு உட்கார்ந்து, கமாவின் கால்களை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அவை வெகுநாளைக்குப் பிறகு கால்களின் எடையோடு இருந்தன. வெளியே கதவைப் பூட்டும் சத்தம் கேட்டது. அவள் விழித்துவிடக் கூடாதே என்பது மட்டும்தான் அப்போது அவருடைய கவலை.